வண்டிக்கு மலை காட்டிய நாள்

எங்கள் ஸ்டாண்டில் புது வண்டி சேர்ந்தால் முதலில் அதற்கு மலை காட்ட வேண்டும். குற்றாலம் பேரருவிக்குப் போகிற வழியில் இருக்கிற டாக்சி ஸ்டாண்டு அது. அம்பாசிடர் காலத்திலிருந்து வருகிற வழக்கம். ஸ்டாண்டு தலைவரும் மூன்று டிரைவர்களும் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறி, கோட்டைவாசலைத் தாண்டி, கேரளத்துக்குள் பதிமூன்று கண் ரயில் பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும். கோட்டைவாசல் கருப்பசாமிக்கு மட்டும் நிற்கலாம். மற்றபடி போகிற வழியில் வண்டி எதையும் கேட்கக் கூடாது. தண்ணீர் கேட்கக் கூடாது, டீசல் கேட்கக் கூடாது, இறங்கித் தள்ளு என்றும் கேட்கக் கூடாது. ஜெயித்தால் ஸ்டாண்டில் சவாரிக்கு முறை உண்டு. தோற்றால் சாரல் சீசன் முழுக்க வேடிக்கை பார்த்துவிட்டு, கார்த்திகையில் ஐயப்ப சாமிமார் வரும்போது மறுபடி வந்து நிற்க வேண்டும்.

நான் கொண்டுபோய் நிறுத்தியது கரண்டு கார். தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் வேறு ஸ்டாண்டுகளில் ஒன்றிரண்டு வந்திருக்கலாம். எங்கள் ஸ்டாண்டுக்கு அதுதான் முதல். ஸ்டாண்டில் வண்டி வைக்க வந்த முதல் பொம்பளையும் நான்தான். ஒரே நேரத்தில் இரண்டையும் அவர்களால் செரிக்க முடியவில்லை, பாவம்.

என் பேர் இசக்கிசெல்வி. ஊர் இலத்தூர். இத்தனை வருஷமும் அடுத்தவர்கள் வண்டியைத்தான் ஓட்டினேன். நன்றாகத்தான் ஓட்டினேன். ஆனால் சீட்டை என் உயரத்துக்கு முன்னால் இழுத்துப் போட்டு ஓட்டிவிட்டு, சாயங்காலம் மறக்காமல் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். மறந்தால் ஓனர் மறுநாள் காலையில் "எவ சீட்ட நவட்டுனது?" என்று கேட்பார். எவள் என்று அவருக்குத் தெரியாதா என்ன? இந்தக் காரை வாங்கி வந்த அன்றைக்கு நானும் என் வீட்டுக்காரர் மணிகண்டபிரபுவும் செய்த முதல் வேலை, சீட்டை எனக்குத் தோதாக நகர்த்தியதுதான். இனிமேல் அதை யாருக்காகவும் பின்னால் தள்ள மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். சீசனில் ஸ்டாண்டில் இடம் கிடைக்காவிட்டால் அந்த முடிவு நிற்காது. மறுபடி யார் வண்டிக்காவது சாவி வாங்கப் போய் நிற்க வேண்டியதுதான்.

ஆனி பிறந்து சாரல் தொடங்கியிருந்தது. சாரலோடு காற்றும் வரும். மலை காட்டுவதற்கு முந்தைய சாயங்காலம் எங்கள் தெருவில் வேப்பங்கிளை முறிந்து கரண்டுக் கம்பியில் விழுந்தது. ஊரே இருட்டு. விடிகிற நேரத்துக்குத்தான் கரண்டு வந்தது. நான் கிளம்பும்போது பாதி சார்ஜுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். முழுசாக இருந்தால் பாலத்துக்கு இரண்டு தடவை போய் வந்துவிடும். பாதிக்கு ஒரு தடவை போய் வரலாம், நெருக்கிப் பிடித்து.

"நாளைக்கு வாரேன்னு சொல்லேன்" என்றார் மணிகண்டபிரபு.

"இன்னைக்குத்தான் சீசனுக்கு முறை எழுதுதாங்க. நாளைக்குப் போனா வாசல்லயே நிக்க வேண்டியதுதான்."

ஷோரூமில் ஜெயபிரியா என்று ஒரு பிள்ளை வண்டியைப் பற்றி விளக்கிச் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. "ஏத்தத்துல கொஞ்சம் செலவாவும்க்கா, எறக்கத்துல வண்டி தானா சம்பாதிச்சுக்கிடும்." அந்த வார்த்தையை நம்பித்தான் வண்டியை எடுத்தேன்.

ஸ்டாண்டில் எல்லோரும் கூடி நின்றார்கள். தலைவர் வல்லிநாயகம் அண்ணாச்சி பானெட்டைத் திறக்கச் சொன்னார். சந்தனம் வைப்பதற்கு ரேடியேட்டரைத் தேடினார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். கடைசியில் ஏதோ ஒரு மூடியில் பொட்டு வைத்துவிட்டு, "உள்ள ஒண்ணத்தையும் காணும். இது எப்படிட்டி மலை ஏறும்?" என்றார்.

"ஏறும் அண்ணாச்சி. உக்காருங்க."

"எனக்கு ஒன்மேல கோவம் ஒண்ணும் இல்ல, கேட்டியா. நாளைக்கு ஒரு குடும்பத்தக் கூட்டிட்டுப் போயி காட்டு வழியில நின்னுட்டுன்னா, ஸ்டாண்டு பேருல்லா கெட்டுப்போவும்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதனால்தான் எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் வந்தது.

அண்ணாச்சி முன் சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் மூன்று பேர். டீசலைத் தவிர வேறு எதுவும் எரிபொருளே இல்லை என்று நினைக்கிற நல்லதம்பி. எந்தப் புதுச் சாமானைக் கண்டாலும் தொட்டுப் பார்க்கிற, என்னைவிட இளையவன் யாசர். இருவருக்கும் நடுவில் மாரி. மாரி அண்ணன் ஒருவரை ஏற்றினாலே இரண்டு பேர் கணக்கு. வேண்டுமென்றேதான் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

வண்டி நகர்ந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை. "ஸ்டார்ட் பண்ணுளா" என்று நல்லதம்பி சொன்னபோது நாங்கள் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்திருந்தோம். யாசர் சிரித்த சிரிப்பில் வண்டி குலுங்கியது.

செங்கோட்டை வரைக்கும் ஒரே கேலி. சத்தமே இல்லையே, ஆடு மாடு எப்படி விலகும் என்றார் ஒருவர். மழையில் ஷாக் அடிக்காதா என்றார் இன்னொருவர். புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏற ஆரம்பித்ததும் கேலி அடங்கியது. அந்த ஏற்றத்தில் கியர் குறைத்து, இஞ்சின் உறுமி, மூச்சு வாங்கித்தான் எல்லோருக்கும் பழக்கம். இது மிதித்தவுடன் விறுவிறுவென்று ஏறியது. முன்னால் போன சிமெண்டு லாரியை வளைவு முடிந்ததும் ஒரே மிதியில் தாண்டினேன். மாரி அண்ணன் "ஆத்தாடி" என்று முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். ஆனால் சார்ஜ் நம்பரும் விறுவிறுவென்றுதான் இறங்கிக்கொண்டிருந்தது.

கோட்டைவாசலில் கருப்பனைக் கும்பிட்டுவிட்டு ஆரியங்காவு தாண்டினோம். அதற்கப்புறம் பாலம் வரை பெரும்பாலும் இறக்கம். சம்பாதிக்கிற இடம் வந்துவிட்டது என்று எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

இங்கேதான் அந்தத் தப்பைச் செய்தேன். இறக்கம் வந்ததும் என் கை தானாகப் போய் வண்டியை நியூட்ரலில் போட்டது.

எங்கள் பக்கத்து டிரைவர் எவனாக இருந்தாலும், எவளாக இருந்தாலும், அதைத்தான் செய்திருப்பார்கள். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு மலையை மிச்சம் பிடிப்பது எங்களுக்குப் பால்குடியோடு வந்தது. அது ஆபத்து என்று போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் போர்டையும் நியூட்ரலில்தான் கடந்து போவோம். நால்வரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

"வெவரமான பிள்ளதான்" என்றார் நல்லதம்பி. அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

சத்தமில்லாத வண்டியில் காட்டுக்குள் இறங்குவது தனிச் சுகம். பள்ளத்தில் ஓடைத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ஏதோ ஒரு பறவை கூப்பிட்டது. இருபத்தைந்து வருஷமாக இந்த வழியில் போகிறேன், இங்கே தண்ணீர் ஓடுவதே இன்றைக்குத்தான் தெரியும் என்றார் மாரி அண்ணன். அண்ணாச்சிகூடக் கண்ணாடியை இறக்கிக் காதைக் கொடுத்தார்.

பாலத்தடியில் வண்டியைத் திருப்பும்போது நம்பரைப் பார்த்தேன். ஒரு துளி ஏறவில்லை. இவ்வளவு தூரம் இறங்கி வந்தும் காலணா சம்பாதிக்கவில்லை. இந்த நம்பரை வைத்துக்கொண்டு மறுபடி மலையேறினால் புளியரை தாண்டி எங்கேயாவது வயல்காட்டில் நிற்க வேண்டியதுதான்.

புளுகிட்டாளே சண்டாளி என்று ஜெயபிரியாவை மனசுக்குள் வைது தீர்த்தேன். அவளை மட்டும் இல்லை, வண்டியை, வேப்பமரத்தை, கரண்டு ஆபீசை, யாரையும் விடவில்லை. வெளியே முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு ஏசியை அணைத்தேன்.

"ஏன்ட்டி, வேர்க்குதுல்லா?" என்றார் அண்ணாச்சி.

"காட்டுக் காத்து ஒடம்புக்கு நல்லது அண்ணாச்சி."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நம்பரைப் பார்த்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எத்தனையோ வண்டியை மலையேற்றிய மனிதர், அவருக்கா தெரியாது.

ஏற ஏற நம்பர் கரைந்தது. பத்துக்குக் கீழே போனதும் டிஸ்பிளேயில் ஒரு மஞ்சள் விளக்கு வந்து கண்ணைச் சிமிட்டியது. தோற்கப் போகிறேன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அப்போது நல்லதம்பிகூடச் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது.

ஆரியங்காவுக்குச் சற்று முன்னால் சின்னதாக ஒரு பள்ளம் வரும். இறங்கி, வளைந்து, மறுபடி ஏறும். அந்த வளைவில் முன்னால் போன மணல் லாரி சட்டென்று நிதானித்தது. நியூட்ரல் போட எனக்குக் கை ஒழியவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது. மிதித்திருந்த காலை மட்டும் எடுத்தேன். வண்டி தானாக இழுத்துப் பிடித்து வேகத்தைக் குறைத்தது.

"எக்கா!" என்று யாசர் என் தோள்பக்கம் தலையை நீட்டினான். "அந்த முள்ளு பச்சைக்குப் போச்சே, அது என்ன?"

"எந்த முள்ளு?"

"அன்னா, அந்த வட்டத்துல. இப்ப திரும்பிட்டு. மறுபடி கால எடுங்க."

எடுத்தேன். முள் பச்சைப் பக்கம் சாய்ந்தது. மிதித்தேன், நீலத்துக்குத் திரும்பியது. எடுத்தேன், பச்சை. பச்சைக்குப் பக்கத்தில் பேட்டரி படம் போட்டு உள்ளே போகிற மாதிரி ஒரு அம்பு இருந்தது. இத்தனை நாளும் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. சக்கரம் உருளுகிற உருட்டை வாங்கித்தான் வண்டி சம்பாதிக்கிறது. நியூட்ரல் போட்டால் சக்கரம் தனி, மோட்டார் தனி. சம்பாதிக்க வந்த வண்டியின் கையைக் கட்டிப் போட்டதே நான்தான். அந்தப் பிள்ளை ஜெயபிரியா பொய் சொல்லவில்லை. ஓட்டத் தெரிந்தவள் என்று நினைத்து, நியூட்ரல் போடாதே என்று தனியாகச் சொல்லாமல் விட்டிருக்கிறாள். என் தலையில் நானே நறுக்கென்று ஒரு குட்டு வைத்துக்கொண்டேன். மாரி அண்ணன் பயந்துவிட்டார்.

கோட்டைவாசலில் கருப்பனுக்கு நிறுத்தியபோது நம்பர் ஏழு. அங்கிருந்து இறக்கம் கொஞ்சம், அப்புறம் புளியரை, செங்கோட்டை, பிரானூர், வல்லம், குற்றாலம் என்று சமதளம் நீளமாகக் கிடக்கிறது. அண்ணாச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"செல்வி. போதும்ட்டி. இங்கனயே நிப்பாட்டிருவோம். நான் நம்ம பயலுவளுக்குப் போன் போட்டு வண்டி வரச் சொல்லுதேன். நடுரோட்டுல நின்னு நாலு பேரு வீடியோ எடுக்கதவிட இது கௌரவம்."

அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்குக் கண்ணீர் முட்டியது, கூடவே பிடிவாதமும் முட்டியது.

"அண்ணாச்சி, எறக்கம் முடியுத வரைக்கும் எவரும் வாயத் தொறக்காதிய. கீழ போயி நம்பரு ஏறலன்னா நானே எறங்கிருதேன்."

"நம்பரு எப்படிட்டி ஏறும்? டேங்குல டீசலு என்னைக்காவது ஏறியிருக்கா?" என்றார் நல்லதம்பி.

கருப்பா, காப்பாத்து என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.

முதல் சரிவு வந்தது. என் கை நியூட்ரலுக்குப் போகத் துடித்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். வாயைத் திறக்காதீர்கள் என்று சொன்னேனே, யார் கேட்டார்கள்?

"நியூட்ரல் போடுளா!" என்று நல்லதம்பி கத்தினார்.

"எறக்கத்துல கியர்ல வச்சா இழுக்கும்ட்டி" என்று அண்ணாச்சியும் பதறினார். மாரி அண்ணன் தன் இடது கையாலேயே காற்றில் கியரைத் தட்டிவிட்டார். பழக்கம் அப்படி.

நான் காலை எடுத்தேன். முள் பச்சையில் போய் ஒட்டிக்கொண்டது. வண்டி ஒரே சீராக இறங்கியது. முதல் வளைவு. ஏழு. அடுத்த வளைவு. ஏழு. எதிரே கேரளா பஸ் ஒன்று ஏறி வந்தது, ஒதுங்கி வழி விட்டேன். எஸ் வளைவின் கடைசித் திருப்பத்துக்கு வரும்போது யாசர் அலறினான்.

"எட்டு! எக்கா, எட்டு!"

"எங்கலே?" என்று நல்லதம்பி எட்டிப் பார்த்தார். மாரி அண்ணனும் எட்டிப் பார்த்தார். முன்னும் பின்னுமாக நாலு தலை ஒரே நம்பரின் மேல். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"எட்டுதான். ஏலே, ஏறுதுலே! சவம், தானா ஏறுதுலே!"

அதற்கப்புறம் அந்த வண்டிக்குள் நடந்ததை என்னவென்று சொல்ல? யாசரைத் தவிர மற்ற மூவரும் மலையில் டீசலை மிச்சம் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர்கள். செலவில்லாமல் இறங்குவதுதான் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்திருந்தவர்களுக்கு முன்னால், இறங்கிக்கொண்டே ஒரு வண்டி வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தது. எட்டு ஒன்பதானபோது மாரி அண்ணன் குலவை போட்டார். ஆம்பிளை குலவை போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். "இன்னும் கொஞ்சம் எறக்கம் இருக்கக் கூடாதா" என்று நல்லதம்பி மலையைத் திரும்பிப் பார்த்துக் குறைப்பட்டார்.

புளியரையில் சமதளம் வந்ததும் எண்ணிக்கை திரும்பியது. எட்டு, ஏழு. செங்கோட்டையில் ஆறு. ஆனால் இப்போது வண்டிக்குள் இருந்தவர்கள் வேறு ஆட்கள். சோதனை போட வந்ததையே மறந்துவிட்டார்கள். "மெதுவாப் போ", "முன்னால சிக்னல், இப்பவே கால எடு, பச்சைக்குப் போவட்டும்", "ஹாரன் அடிக்காத, அதுக்கும் கரண்டுதான" என்று நாலு பேரும் நாலு பக்கமிருந்து வண்டி ஓட்டினார்கள். பிரானூரில் கோழி பொரிக்கிற வாசம் வந்தது. இரண்டு புரோட்டாவுக்கு நிறுத்தினால் என்ன என்று மாரி அண்ணன் மெல்லக் கேட்டார். "நின்னா தோத்துரும்லே, மூதி" என்று கத்தினார் நல்லதம்பி. அதுவும் யார், நல்லதம்பி!

வல்லம் தாண்டியபோது மூன்று. குற்றாலத்துக்குள் நுழையும்போது சாரல் பிடித்தது. வைப்பர் போடவே எனக்கு மனசு வரவில்லை. அண்ணாச்சி கையை வெளியே நீட்டித் தன் துண்டால் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஸ்டாண்டில் போய் நின்றபோது டிஸ்பிளேயில் மிச்சம் இருந்த நம்பர் ஒன்று.

நிற்கவில்லை. எதையும் கேட்கவில்லை. யாசர் கதவைத் திறந்துகொண்டு குதித்து ஓடி, ஸ்டாண்டு முழுக்க "ஏறுதுலே, எறக்கத்துல ஏறுதுலே" என்று சொல்லிக்கொண்டே போனான். அண்ணாச்சி நோட்டில் என் வண்டி நம்பரை எழுதினார். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டு, யாரும் பார்க்கும் முன் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

சந்தோஷம் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. மலை பார்த்து வந்த வண்டிக்குத்தான் அன்றைய அடுத்த சவாரி. அதுவும் வழக்கம். ராஜபாளையத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் பையும் துண்டுமாக வந்து நின்றது. ஐந்தருவி, பழைய குற்றாலம், பாலருவி எல்லாம் பார்க்க வேண்டும் என்றார்கள். முதல் சவாரியை வேண்டாம் என்று சொன்னவனுக்கு அப்புறம் முறை கிடையாது. வண்டியில் இருப்பதோ ஒன்று. ஐந்தருவி வளைவுகூட ஏறாது.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். இவ்வளவு தூரம் வந்து இதில் தோற்பதா? வாயைத் திறந்து உண்மையைச் சொல்லப் போனேன். அண்ணாச்சி கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு அந்தக் குடும்பத்திடம் திரும்பினார்.

"மொதல்ல பேரருவியில குளிச்சிட்டு வாங்க. அன்னா, பக்கத்துலதான். நல்லாத் தண்ணி விழுது, ரெண்டு மணி நேரம் ஆசை தீர நில்லுங்க. குளிச்சா பசிக்கும், சாப்புட்டு வாங்க. அப்புறம் ஐந்தருவி, பழைய குத்தாலம். பாலருவிக்கு நாளைக்கு விடியப் போனாத்தான் ருசி. வண்டி ஒங்களுக்காகக் காத்துக் கெடக்கும்."

அவர்கள் சந்தோஷமாகப் போனார்கள். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். வண்டியில் இருக்கிற நேரம் கொஞ்சம், தண்ணீரில் நிற்கிற நேரம்தான் அதிகம்.

"எல்லா அருவியிலயும் நாம சும்மாதானட்டி உக்காந்து கெடக்கோம்" என்றார் அண்ணாச்சி. "இது அந்த நேரத்துலயும் சாப்புட்டுக்கிட்டுல்லா கெடக்கும். ஐந்தருவியில சுந்தரபாண்டி கடையில பிளக்கு இருக்கு. பழைய குத்தாலத்துல நான் சொல்லி வைக்கேன். ஒயர எடுத்துட்டு வா."

சொல்லிவிட்டு ஸ்டாண்டு ஆபீசுக்குள் போனார். அங்கே இருப்பது ஒரே ஒரு பெரிய பிளக். அதில் சீசன் முழுக்க முறை கூப்பிடுகிற மைக் செட்டு மாட்டியிருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் என் ஒயரை மாட்டினேன். வண்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

எழுதிய முறையை ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டால்தான் அது செல்லும். அண்ணாச்சி வாசலுக்கு வந்து, உயிரில்லாத மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிட்டார்.

"அடுத்த முறை, இலத்தூர் இசக்கிசெல்வி! சொந்த வண்டி!"

ரோட்டில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "இருக்கேன் அண்ணாச்சி" என்று அவரை விடச் சத்தமாகக் கத்தினேன்.